நட்ட கன்று வெட்டிய மரத்திற்கு ஈடாகுமா?

1950ஆம் ஆண்டில், மத்திய உணவு விவசாய மந்திரியாயிருந்த திரு. கே. எம். முன்ஷி அவர்கள் தொடங்கிவைத்த வனமகோத்ஸவம், ஆண்டுதோறும் ஜூலை முதல் வாரத்தில் நாடெங்கும் கொண்டாடப்படுகிறது. மைசூரிலும் அவ்வாரத்தில் கன்றுகள் நடப்படுகின்றன. நல்ல காரியமே. ஆயினும், "ஒன்றை வெட்டினால் என்ன, பதிலுக்குப் பல நட்டுவிடலாமே" என்னும் எண்ணமும் இவ்விழாவோடு கூடவே வளர்ந்து வருகிறது.

2025 ஏப்ரலில் மைசூர் ஹைதர் அலி சாலையை அகலப்படுத்தும் பொருட்டு 40 மரங்கள் வீழ்த்தப்பட்டன. ஊரார் திரண்டு கண்டித்தனர். இத்தகைய தருணங்களில் ஈடாகக் கன்றுகள் நடப்படும் என்று உறுதி கூறுவது எங்கும் வழக்கம். அது ஈடுதானா? அச்சாலையில் வெயிலில் நிற்பவனும் கூடிழந்த பறவையும் நிழலை இழந்தது இன்று. கன்று நிழல் தருவதோ பல்லாண்டுகளுக்குப் பின், வேறோரிடத்தில், வேறெவருக்கோ. ஒருவனிடம் பட்ட கடனை மற்றொருவனுக்குச் செலுத்திவிட்டுத் தீர்ந்தது என்பாருண்டோ?

ஆளவி நகரில் பிக்கு ஒருவர் மரத்தை வெட்டுகையில் அதில் வாழ்ந்த தேவதையின் குழந்தை வெட்டுண்டதென்றும், அதன்மேல் பகவான் பிக்குகள் மரஞ்செடிகளை அழித்தலாகாதென விதித்தாரென்றும் வினயபிடகம் கூறும். தேவதை உண்டா என்று வாதிடுவோர் வாதிடட்டும். மரம் பிறிதோர் உயிரின் இல்லம் என்பதே நமக்கு வேண்டுவது. வேறு மரம் நட்டு ஈடு செய்க என்று அவ்விதி கூறவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு, இனி அடங்கியிருத்தலே அங்கே பரிகாரம்.

மரமே வெட்டலாகாதென்பது நம் கருத்தன்று. மைசூர் மாவட்டத்துப் பைலகுப்பேயில் 1961இல் குடியேறிய திபெத்திய அகதிகள் காட்டைத் திருத்தியே வயலும் வீடும் அமைத்தனர். வேறு புகலற்றோர் செய்ததையும், வாகனங்கள் விரைந்து செல்வதற்கெனச் செய்வதையும் ஒரே தராசில் வைத்தல் தகாது.

அசோகர் சாலைகளில் ஆலமரம் நட்டதைத் தம் ஏழாம் தூண் சாசனத்தில் பொறித்துள்ளார். எத்தனை மரம் என்று அங்கே இல்லை; மனிதருக்கும் விலங்குகளுக்கும் நிழலுக்காக என்று இருக்கிறது. நம் விழாக்களின் அறிக்கைகளில் எண்ணிக்கைதான் முதலில் நிற்கிறது.

1976ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி மரம் வெட்ட மர அதிகாரியின் அனுமதி வேண்டும். மைசூரிலுள்ள நம் அன்பர்கள் ஜூலையில் கன்றோடு செல்வதுபோலவே, அவ்வனுமதி கோரப்படும் வேளையில் ஆட்சேப மனுவோடும் செல்லுமாறு வேண்டுகிறோம்.