ஓடைக்கரைச் சீழ்க்கை

குற்றாலம் போனால் ஐந்தருவியில் தலையைக் கொடுத்துவிட்டு, ஈரத் துண்டோடு வண்டி ஏறிவிடுகிறோம். அடுத்த முறை, பக்கத்திலேயே இருக்கும் தோட்டக்கலைத் துறையின் சுற்றுச்சூழல் பூங்காவில் அரைமணி நேரம் பேசாமல் உட்காருங்கள். சாரல் முகத்தில் படும். பாறையிடுக்கிலிருந்து யாரோ ஒரு சிறுவன் சீழ்க்கையடிப்பது போலக் கேட்கலாம். அதுதான் சீகாரப் பூங்குருவி. கருநீல உடல்; நெற்றியிலும் தோளிலும் பளிச்சென்று ஒரு நீலம். மலையோடைகளை ஒட்டி வாழ்கிற பறவை அது. நாம் வீசிவிட்டு வரும் ஷாம்பு உறையும் எண்ணெய்ப் புட்டியும் அதன் வீட்டு வாசலில்தான் விழுகின்றன. குளித்த தண்ணீர் சிற்றாற்றோடு போய்விடும். போட்ட குப்பை அங்கேயே கிடக்கும். அந்தச் சீழ்க்கையை நம் பேரப்பிள்ளைகளும் கேட்க வேண்டாமா? வெறுங்கையோடு போவோம், வெறும் கரையை விட்டு வருவோம்.