வேலியும் வழியும்

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளை வாசித்தவர்களுக்குத் தெரியும்: நான்கு எல்லைகளையும் சொல்லி முடித்தபின், கிணற்றில் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும் என்று ஒரு வரி வரும். ஓரடி வேலிக்காக ஆண்டுக்கணக்கில் வழக்காடிய நாமே, அயலவர் தண்ணீருக்கு நடக்கும் பாதையை எழுத்தில் ஒப்புக்கொண்டவர்கள். ஆயினும் அந்த உரித்துப் பங்காளிக்கே அன்றி வழிப்போக்கனுக்கு அல்ல.

நாம் வந்து சேர்ந்த ஜேர்மனியில் இதற்கு வேறு விடை உண்டு. இந்நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காடு. அதிலும் ஏறத்தாழப் பாதி தனியாருக்குச் சொந்தம். இருந்தும் 1975ஆம் ஆண்டின் காட்டுச் சட்டம், இளைப்பாறுவதற்காகக் காட்டினுள் நடக்க இடமளிக்கிறது. பயேர்ண் மாநிலமோ 1946ஆம் ஆண்டிலேயே தன் அரசியலமைப்பின் 141ஆவது உறுப்புரையில், காட்டிலும் மலைப் புல்வெளியிலும் நடப்பதையும், காட்டுப் பழங்களை அவ்விடத்து வழக்கப்படி அளவோடு பறிப்பதையும் உரிமையாக எழுதிவைத்தது. யாருக்கு? குடிமக்களுக்கு என்று அங்கே இல்லை. எவருக்கும் என்றே உள்ளது.

இச்சொல் நமக்குச் சிறியதன்று. அகதி விண்ணப்பம் செய்தவர், தாம் பதியப்பட்ட வெளிநாட்டவர் அலுவலகத்தின் எல்லையை அனுமதியின்றித் தாண்டக்கூடாது என்று 1982ஆம் ஆண்டின் சட்டம் சொன்னது. காட்டின் சொந்தக்காரர் தடுக்க முடியாத நம்மை, அக்காட்டின் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு தடுத்தது. 2015இல் அவ்விதி பெரிதும் தளர்ந்தது, முற்றாக நீங்கவில்லை. மறுபுறம், 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த நம்மவர் பலரின் கையில் உறுதி இருந்தது; காணிக்குள் கால்வைக்க வழியிருக்கவில்லை. உறுதி இருந்தும் நுழைய முடியாத நிலத்தையும், உறுதி இன்றியே நடக்கக்கூடிய நிலத்தையும் அறிந்தவர்கள் நாம்.

ஆகவே சொந்தக்காரரின் நியாயத்தையும் நாம் கேட்டாக வேண்டும். மரம் நடுபவரும் வரி கட்டுபவரும் அவர், இன்பம் நமக்கு. ஒரு குடும்பம் இளங்கன்றுகளை மிதித்தால் கணக்கில் தெரியாது. நூறு குடும்பங்கள் மிதித்தால் கன்றே மிஞ்சாது. அதனால்தான் வயல்களையும் பயிர்க்காலத்துப் புல்வெளிகளையும் பாதையால் மட்டுமே கடக்க வேண்டும். காளானும் பழமும் சொந்தத் தேவைக்குச் சிறு அளவே. விற்பதற்கென்றால் அனுமதி வேண்டும். காட்டில் நடப்பவர் தம் சொந்தப் பொறுப்பிலேயே நடக்கிறார். ஜேர்மன் அடிப்படைச் சட்டத்தின் 14ஆவது உறுப்புரை உடைமையைக் காக்கிறது. உடைமைக்குக் கடமையும் உண்டு என்று அதனுடனேயே சொல்கிறது. உடையவருக்கே கடமை உண்டென்றால், நடப்பவருக்கு இல்லாமற் போகுமா?

வேலி நம்மைப் பார்த்து, நீ யார் என்று கேட்கிறது. பாதை, எப்படி நடக்கிறாய் என்று கேட்கிறது. முதற் கேள்விக்குப் பல அலுவலகங்களில் விடை சொல்லிக் களைத்தவர்கள் நாம். இரண்டாவதற்கு விடை நம் கையிலேயே இருக்கிறது.

கோடை ஒன்றுகூடல்களில் இதை நினைவிற் கொள்வோம். நோர்ட்றைன் வெஸ்ற்பாலன் மாநிலத்தில் காட்டிலும் அதிலிருந்து 100 மீற்றருக்குள்ளும் அனுமதியின்றி நெருப்பு மூட்டக்கூடாது. மார்ச் முதல் ஒக்ரோபர் முடியும்வரை காட்டில் புகைபிடிக்கவும் கூடாது. இதைப் பிள்ளைகளுக்குச் சட்டமாக மட்டுமன்றி, பிறர் வளவில் நடக்கும் மரியாதையாகவும் சொல்லிக்கொடுப்போம். அவ்வாறே, மீண்ட காணிகளுக்கு இங்கிருந்து காசு அனுப்பி மதில் எழுப்புவோர், உறுதியிலுள்ள அந்த வழி வாய்க்கால் வரியை ஒருமுறை வாசித்துவிட்டுக் கல் வைப்பது நல்லது.