மாதிரியும் மனச்சான்றும்

மனிதன் எதையும் வெறுமையிலிருந்து படைப்பதில்லை. குழந்தை தாயின் உதட்டசைவைப் பார்த்துப் பேசக் கற்கிறது. மாணவன் ஆசிரியரின் கையெழுத்தைப் பார்த்து எழுதக் கற்கிறான். சிற்பியின் மகன் தந்தையின் உளி விழும் இடத்தைப் பார்த்துச் செதுக்கக் கற்கிறான். பார்த்துச் செய்தலே கற்றலின் முதற்படி என்பதை எவரும் மறுக்கமாட்டார். ஆயினும், பார்த்துச் செய்தல் எந்த இடத்தில் படைப்பாகிறது? எந்த இடத்தில் களவாகிறது? பழமையான இவ்வினா அண்மையில் ஒரு சிறிய படத்தின் வடிவில் என்முன் வந்து நின்றது.

பிடோக் வட்டாரத்தில் நான் பொறுப்பேற்று நடத்தும் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில், ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவையொட்டி மாணவர் கைவண்ணக் காட்சி ஒன்றை ஏற்பாடு செய்திருந்தோம். உயர்நிலை இரண்டில் பயிலும் மாணவன் ஒருவன், பூக்கட்டும் பெரியவர் ஒருவரின் படத்தைக் கணினியில் வரைந்து கொண்டுவந்தான். தூரிகையால் தீட்டிய படம் அன்று அது. அகலத்தில் 64, உயரத்தில் 64 என 4,096 சிறு கட்டங்களை 16 வண்ணங்களால் நிரப்பி உருவாக்கிய படம். இளைஞர்கள் இதனைப் பிக்சல் ஓவியம் என்பர். படப்புள்ளி ஓவியம் என்று நாம் அழைக்கலாம். அருகில் பார்த்தால் வண்ணக் கட்டங்கள். சற்றே விலகி நின்றால் பெரியவரின் முகம், குனிந்த தலை, மடியில் மல்லிகைச் சரம். நான் வியந்து பாராட்டினேன். காட்சியின் வாயிலிலேயே அதனை வைக்கலாம் என்றேன்.

மகிழ்ந்துபோன அம்மாணவன், தான் வரைந்த முறையைக் கள்ளமின்றி விளக்கினான். இணையத்தில் கிடைத்த நிழற்படம் ஒன்றை அடியில் வைத்திருக்கிறான். அதன்மேல் கண்ணாடித் தாளைப் போன்ற ஓர் அடுக்கை விரித்து, கீழே தெரிந்ததைக் கட்டம் கட்டமாக மேலே நிரப்பியிருக்கிறான். வண்ணங்களையும் அந்த நிழற்படத்திலிருந்தே கருவியால் தொட்டு எடுத்திருக்கிறான். படத்தை எடுத்தவர் யார் என்று கேட்டேன். தெரியாது என்றான்.

"அப்படியானால் இது உன்னுடையது அன்று, தம்பி" என்றேன்.

அவன் சற்று நேரம் பேசவில்லை. பின்னர்ப் பணிவாகவே கேட்டான்: "ஐயா, நீங்கள் தரும் மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்துதானே நாங்கள் தேர்வில் எழுதுகிறோம். அது மட்டும் யாருடையது?"

அன்று என்னால் விடை கூற இயலவில்லை. காலந்தாழ்த்தி நான் தேடிக் கண்ட விடையே இக்கட்டுரை.

மாதிரி கூடாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள வழியில்லை. நம் பெண்கள் புள்ளிக் கோலத்தைத் தாயின் கோல நோட்டைப் பார்த்தே கற்கின்றனர். அதனைக் களவென்று எவரும் சொல்வதில்லை. காஞ்சிபுரத்துப் பட்டுச் சேலையின் கரையில் மயில் ஒன்று தோன்றவேண்டுமானால், அதனை முதலில் கட்டத்தாளில் வரைகின்றனர். ஒவ்வொரு கட்டமும் ஊடும் பாவும் சந்திக்கும் ஓர் இடம். அத்தாளைப் பார்த்து அட்டையில் துளையிட, அவ்வட்டை தறியின் இழைகளை ஆள்கிறது. படப்புள்ளி ஓவியத்தின் மூத்த உறவு தறியிலே இருக்கிறது எனலாம். 1984-இல் வெளிவந்த மெக்கின்டாஷ் கணினிக்குச் சூசன் கேர் என்னும் அம்மையார் சின்னங்களை அமைத்தபோது, அவரும் கட்டத்தாளில்தான் தொடங்கினார். ஒரு சின்னத்துக்கு அவருக்குக் கிடைத்தவை 32-க்கு 32 என 1,024 கட்டங்கள். அக்கணினியின் விசைப்பலகைக்கு அவர் தேர்ந்த குறிகளுள் ஒன்று, ஸ்காண்டிநேவிய நாடுகளில் காணத்தக்க இடங்களைச் சுட்டும் பலகைகளில் முன்பே வழங்கிவந்தது. அதனைக் குறிகளின் தொகுப்பு நூல் ஒன்றில் கண்டெடுத்ததாக அவரே கூறியிருக்கிறார்.

மாதிரியை அடியில் வைத்து வரைதலே குற்றம் என்றும் சொல்லிவிட முடியாது. 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' என்னும் கணினி விளையாட்டு 1989-இல் வெளிவந்தது. அதனை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர், 1985-இல் தம் தம்பியை ஓடவும் தாவவும் செய்து ஒளிப்பதிவு செய்தார். அப்பதிவின் ஒவ்வொரு நிலையையும் வரைந்தெடுத்துத் திரையில் ஓடும் சிறு உருவமாக்கினார். அவ்வுருவம் மனிதனைப் போலவே ஓடியது கண்டு உலகம் வியந்தது. அடியில் இருந்தது நிழற்படமே. ஆயினும் நாம் அவரைக் குறை கூறுவதில்லை. ஏன்? அவருக்குத் தம் மாதிரி யார் என்று தெரியும். மாதிரியாக நின்ற தம்பிக்கும் அது தெரியும். எப்படிச் செய்தார் என்பதை உலகிற்கும் அவர் ஒளிக்கவில்லை.

இனி இதற்கு மாறான ஒரு நிகழ்ச்சியைப் பார்ப்போம். அமெரிக்க இசைக் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959-இல் 'கைண்ட் ஆஃப் புளூ' என்னும் புகழ்பெற்ற இசைத்தட்டை வெளியிட்டார். அதன் உறையில் அவர் ட்ரம்பெட் ஊதும் நிழற்படம் இருந்தது. எடுத்தவர் ஜே மைசெல். அரை நூற்றாண்டு கழித்து 2009-இல், ஆண்டி பேயோ என்பவர் பழைய கணினி விளையாட்டுகளின் ஒலிகளைக் கொண்டு அவ்விசையை மீட்டமைத்து வெளியிட்டார். பாடல்களுக்கு முறைப்படி உரிமம் பெற்றார். உறைக்கோ, அதே நிழற்படத்தைப் படப்புள்ளி ஓவியமாக வரையச் செய்தார். நிழற்படக் கலைஞரிடம் இசைவு கேட்கவில்லை. கலைஞரின் வழக்குரைஞர்கள் உரிமை மீறல் என்றனர். வழக்கு விசாரணைக்கு வருமுன்னரே, 2010-இல், பேயோ 32,500 டாலர் செலுத்தி உடன்பாடு கண்டார். தவறு செய்ததாக அவர் ஒப்புக்கொள்ளவில்லை. வழக்காடுவதைவிட அதுவே செலவு குறைவு என்றார். நிழற்படத்தின் நுண்மையெல்லாம் நீக்கிச் சில கட்டங்களாகச் சுருக்கிய பின், அது புதிய படைப்பே என்பது அவர் வாதம். அவ்வாதத்தை எந்த நீதிபதியும் ஏற்கவுமில்லை, தள்ளவுமில்லை.

சட்டம் எல்லை வகுக்க இயலாமல் நின்ற இடத்தில் மனச்சான்று என்ன செய்யும்? எத்தனைக் கட்டம் மாற்றினால் ஒன்று நம்முடையதாகும் என்னும் கணக்கு அதற்குத் தெரியாது. ஆனால் அது கேட்கும் கேள்வி எளியது: எங்கிருந்து பெற்றாய் என்பதை அவையில் சொல்ல உனக்குத் துணிவு உண்டா?

நம் முன்னோர் இக்கேள்வியை நூல்மரபாகவே வகுத்துவைத்தனர். முதல்நூல், வழிநூல், சார்புநூல் என நூலை மூவகைப்படுத்திய பவணந்தி முனிவர், வழிநூலை இழிவாகக் கருதவில்லை. ஆனால் ஒரு நூலின் சிறப்புப்பாயிரம் தெரிவிக்கவேண்டிய எட்டுச் செய்திகளுள், ஆக்கியோன் பெயருக்கு அடுத்தபடியாகவே 'வழி' என்பதை வைத்தார். இந்நூல் எதன்வழி வந்தது என்பதை நூலின் வாயிலிலேயே சொல்லவேண்டும் என்பது நன்னூல் காட்டும் நெறி. கம்பரும் வடமொழியில் இக்கதையை முதலிற் செய்தவரின் வழியே தாம் செல்வதாகப் பாயிரத்தில் கூறினார். அதனால் கம்பர் புகழ் குன்றிற்றா? இல்லை. மிதிலையில் வில் முறிவதற்கு முன்னரே இராமனும் சீதையும் ஒருவரையொருவர் நோக்கும் காட்சி வான்மீகத்தில் இல்லை, கம்பர் தந்தது. அவர் மாதிரியை அடியில் வைத்து அதன்மேல் எழுதவில்லை. அருகில் வைத்துக்கொண்டு தம் கண்ணால் பார்த்தார்.

நாம் வாழும் சிங்கப்பூரின் சட்டமும் இந்நெறிக்கு நெருங்கி வந்திருக்கிறது. 2021-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், ஒருவர் படைப்பைப் பொதுவில் பயன்படுத்தும்போது படைப்பாளர் இன்னார் என்று சுட்டப்படும் உரிமையை, சில விலக்குகளுடன், வழங்கியுள்ளது. நன்னூல் புலவனின் கடமையாகச் சொன்னதை இச்சட்டம் படைப்பாளரின் உரிமையாகச் சொல்கிறது.

பெயர் சொல்லிவிட்டால் மட்டும் போதுமா? போதாது. ஒரு நிழற்படத்தை 64-க்கு 64 கட்டங்களாகச் சுருக்கு என்று ஆணையிட்டால், கணினி நொடிப்பொழுதில் சுருக்கித் தந்துவிடும். அங்கே கண்ணும் புருவமும் கலந்து சேறாகக் கிடக்கும். எந்தக் கட்டம் கண், எந்தக் கட்டம் நிழல், எதனை விட்டுவிடலாம் என்று முடிவு செய்யும் பொறுப்பு வரைபவனுடையது. அம்முடிவைச் செய்வதற்கு மாதிரியை அவன் புரிந்துகொள்ள வேண்டும். புரிந்துகொள்ள அதனினின்று சற்று விலகவும் வேண்டும். படத்தை அடியில் வைத்தவனுக்குக் கோடு கிடைக்கிறது. அருகில் வைத்தவனுக்குக் காட்சி கிடைக்கிறது. ஒன்றை மட்டும் வைத்தவன் அதற்கு அடிமையாகிறான். பலவற்றை வைத்து ஒப்பிட்டவன் பொருளை அறிகிறான்.

அடுத்த சனிக்கிழமை அம்மாணவனை, அவன் பெற்றோரின் இசைவோடு, அழைத்துச் சென்றேன். பிடோக்கில் பெருவிரைவு ரயில் ஏறி, பூகிஸ் நிலையத்தில் மாறி, லிட்டில் இந்தியாவில் இறங்கினோம். கேம்பல் லேன் பூக்கடை ஒன்றின் முன் நின்றோம். வரைவதற்குப் பெரியவரிடம் இசைவு கேட்டோம், சிரித்துக்கொண்டே தலையசைத்தார். மாணவன் அரைமணி நேரம் நின்று பார்த்தான். பிறகு என் காதருகே சொன்னான்: "ஐயா, இவர் பூவைப் பார்க்கவே இல்லை."

உண்மைதான். விரல்கள் தாமாகவே நாரைச் சுற்றி முடிச்சிட்டுக்கொண்டிருந்தன. பெரியவரின் கண்கள் தெருவில் வருவோர் போவோர் மீதே இருந்தன. எவர் வாங்க வருகிறார், எவர் பழைய வாடிக்கையாளர் என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிழற்படத்திலோ தலை குனிந்திருந்தது. பல ஆண்டுப் பழக்கம் உள்ள கை கண்ணின் துணையை நாடுவதில்லை என்னும் செய்தி அப்படத்தில் இல்லை. நேரில் நின்றவனுக்கே கிடைத்தது. மாணவன் வீடு திரும்பி மீண்டும் வரைந்தான். தலையை நிமிர்த்தினான், கண்மணியை ஒரு கட்டம் நகர்த்தினான். படத்தில் உயிர் வந்து அமர்ந்தது.

முதற்படத்தை நாங்கள் காட்சியில் வைக்கவில்லை. நிழற்படக் கலைஞர் யாரெனத் தேடியறிந்து இசைவு கேட்டு எழுதினான். காட்சி நாள்வரை மறுமொழி வரவில்லை. மறுமொழி இன்மை இசைவு ஆகாது என்று அவனே சொன்னான்.

இனி, அவன் என்னிடம் கேட்ட வினா. அதற்கு விடை சொல்லுமுன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆசிரியர் பயிற்சிக் காலத்தில், மூத்தவர் ஒருவரின் பாடக்குறிப்பேட்டை இரவல் வாங்கி, ஒரு பாடத்தின் குறிப்பைச் சொல்லுக்குச் சொல் எழுதி என் பெயரில் ஒப்படைத்தேன். பாராட்டும் பெற்றேன். வகுப்பில் அப்பாடத்தை நடத்தியபோது ஒரு சிறுமி எளிய ஐயம் ஒன்றை எழுப்பினாள். என்னால் விளக்க இயலவில்லை. அக்குறிப்பின் ஒவ்வொரு படியும் ஏன் அங்கே நின்றது என்பது எழுதியவருக்குத் தெரியும்; எனக்குத் தெரியாது. அந்த மூத்தவரிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. இன்று சொல்ல அவர் இல்லை.

பார்த்து எழுதுவதால் உடைமையாளருக்கு இழப்பு. அதனினும் பெரிய இழப்பு எழுதியவனுக்கே. நம் பிள்ளைகளின் கட்டுரைகளில் கதிரவன் பொற்கதிர் பரப்பியே எழுகிறான். பறவைகள் இனிது பாடியே விழிக்கின்றன. பிடோக்கில் வாழும் பிள்ளை காலையில் முதலிற் காண்பது வீவக அடுக்குமாடியின் நடைவழி விளக்கையும் மின்தூக்கிக்குக் காத்திருக்கும் அண்டைவீட்டுத் தாத்தாவையும். அவற்றை அவன் எழுதுவதில்லை; ஏனெனில் மாதிரிக் கட்டுரையில் அவை இல்லை. அவன் கண்ணின்மேல் மாதிரியை விரித்தவர்கள் யார்? ஆசிரியர்களாகிய நாமே. இன்று கேட்ட மாத்திரத்தில் படமும் கட்டுரையும் ஆக்கித்தரும் கணினிச் செயலிகள் வந்துவிட்டன. எண்ணற்றோர் படைப்பைப் பார்த்துக் கற்ற அவை, தாம் தருவது எவர்வழி வந்தது என்று சொல்லும் வழக்கம் இல்லாதவை. அவற்றைக் கண்டிக்குமுன் நம் மேசையில் இருக்கும் மாதிரிக் கட்டுரைத் தொகுப்பை நாம் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

ஆகவே அம்மாணவனுக்கு என் விடை இது: "நீ கேட்டது சரியே. அதுவும் உன்னுடையது அன்று. அதனை உன்னுடையதாகக் காட்டச் சொன்ன தவறு என்னுடையது." இப்போது எங்கள் பள்ளியில் மாதிரிக் கட்டுரையைப் படிக்கிறோம், அதன் அமைப்பைப் பேசுகிறோம், பின்னர் ஏட்டை மூடிவைத்துவிட்டு எழுதுகிறோம். எழுதியதன் அடியில் எதைப் படித்தோம், எவரிடம் கேட்டோம் என்று ஒரு வரி சேர்க்கிறோம். சில கட்டுரைகள் முன்னைவிட அழகு குறைந்துள்ளன. மின்தூக்கியும் நடைவழி விளக்கும் அவற்றில் வரத் தொடங்கியுள்ளன.

காட்சியின் வாயிலில் இரண்டாவது படம் இடம்பெற்றது. அதன் கீழே ஒரு சிறிய அட்டை. முதல் வரியில் ஆக்கியோன் என்று எழுதி, மாணவன் தன் பெயரை இட்டிருந்தான். இரண்டாம் வரி: 'வழி: கேம்பல் லேன் பூக்கடையில் நேரில் கண்டது, பெரியவரின் இசைவோடு.'