சோகம் இசையில் இருக்கிறதா?

இசை தனக்குள்ளேயே சோகத்தை வைத்திருக்கிறதா, கேட்பவர் மனம்தான் அதில் சோகத்தை ஏற்றுகிறதா என்பது அழகியலில் நெடுநாள் வழக்கு. வியன்னா விமர்சகர் எடுவார்ட் ஹான்ஸ்லிக் 1854இல் வெளியிட்ட நூலில் முதல் கட்சியை மறுத்தார். துக்கப்படுகிறவருக்கு எதை இழந்தோம் என்று தெரியும். அந்த எண்ணம் இல்லாமல் துக்கம் இல்லை. வெறும் ஸ்வரங்களால் அந்த எண்ணத்தைச் சொல்ல முடியாது. வேகம், தளர்ச்சி, ஏற்றம், இறக்கம் ஆகிய அசைவுகளை மட்டுமே இசை காட்டும் என்பது அவர் வாதம்.

திரைப்படம் வந்ததும் இந்தக் குறை தீர்ந்ததுபோல் தோன்றும். இழப்பு கண்ணெதிரே திரையில் நடக்கிறது; அதற்கேற்ற தளர்ந்த இசையைச் சேர்த்தால் போதும். ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவாவின் படங்களோ இந்த எளிய கணக்குக்குள் அடங்குவதில்லை.

1948இல் வந்த 'குடிகார தேவதை' படத்தில் காசநோய் முற்றிய ரவுடி மட்சுனாகா, செல்வாக்கையும் இழந்து கள்ளச்சந்தைத் தெருவில் நடக்கிறான். அங்கே முன்பிருந்த பயமோ பணிவோ இப்போது யாரிடமும் இல்லை. அப்போது ஒலிபெருக்கியில் துள்ளலான 'குயில் வால்ட்ஸ்' ஒலிக்கிறது. தந்தை இறந்த செய்தி வந்த நாளில் ஷின்ஜுகுவின் கூட்டத்தில் அலைந்தபோது இதே மெட்டு காதில் விழுந்து தன் துயரத்தைத் தாங்க முடியாததாக்கியது என்று குரோசவா தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். படத்தின் இசையமைப்பாளர் ஃபுமியோ ஹயாசகாவும் இத்தகைய முரணை விரும்பியவர். அந்த மெட்டின் அசைவில் சோகம் துளியும் இல்லை. ஆனாலும் காட்சி நெஞ்சை அறுக்கிறது. ஒருவன் அழிந்துகொண்டிருப்பது உலகத்துக்கு ஒரு பொருட்டே இல்லை என்ற எண்ணத்தை அந்த இசையே கொண்டுவருகிறது. காட்சியிடமிருந்து எண்ணத்தைக் கடன் வாங்குவதோடு இசையின் வேலை முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

'இகிரு' (1952) இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. புற்றுநோயால் சாகப்போகும் அரசு அலுவலர் வதனபே, 1915ஆம் ஆண்டின் பிரபலமான 'கொண்டோலா பாட்டை' இருமுறை பாடுகிறார். இரவு விடுதியில் பாடும்போது சுற்றியிருப்பவர்கள் மிரண்டுபோகிறார்கள். தான் போராடிக் கட்டவைத்த பூங்காவில், பனி பொழியும் இரவில், ஊஞ்சலில் அமர்ந்து பாடும்போது அதே பாட்டில் நிறைவு கேட்கிறது. மெட்டு மாறவில்லை, இடையில் அவர் வாழ்ந்த வாழ்க்கை மாறியிருக்கிறது. இங்கே ஹான்ஸ்லிக்கின் பக்கம் நியாயம் கூடுகிறது.

இந்த வழக்கைச் சமய எல்லைக்கே கொண்டுபோவது 'ரான்' (1985). கோட்டை முற்றுகையில் அம்பு, துப்பாக்கி, அலறல் என எல்லா ஓசையும் அகற்றப்பட்டு, டோரு டகெமிட்சுவின் இசை மட்டும் சில நிமிடங்கள் ஒலிக்கிறது. வெட்டுப்பட்டு விழும் வீரர்களின் வாய் அசைகிறது, குரல் வருவதில்லை. அந்த இசை யாருடைய துக்கம்? கொல்பவருக்கு அழ நேரமில்லை, சாகிறவருக்குக் குரல் இல்லை. திரைக்கதை அதை எண்ணற்ற புத்தர்களின் அழுகையாகக் கற்பனை செய்கிறது. பௌத்தம் சொல்லும் கருணை தனக்கு நேர்ந்த இழப்புக்காக வருந்துவதன்று; எல்லா உயிரின் துன்பத்தையும் பார்த்து இரங்குவது. ஹான்ஸ்லிக் துக்கத்துக்குக் கேட்ட எண்ணம் இங்கே இருக்கிறது, ஆனால் கதைக்குள் இருக்கும் எவருடைய மனத்திலும் இல்லை. கதைநாயகனின் மூத்த மகன் டாரோவைச் சுட்டு வீழ்த்தும் துப்பாக்கிச் சத்தத்தோடு இசை அறுந்து, போரின் இரைச்சல் திரும்புகிறது. பார்வையாளரும் கருணையின் உயரத்திலிருந்து மனிதர்களின் தரைக்கு இறக்கப்படுகிறார்.