காண்பவனும் வாழ்பவனும்

ஆல்ப்ஸ் மலையின் பனிமுடிகளை விரும்பி ஏறுவோரைச் சவாய் நாட்டு உழவன் ஒருவன் மூடர்கள் என்று தயங்காமல் கூறினானாம். இச்செய்தியைப் பதிவு செய்தவர் ஜெனீவா நகரத்து அறிஞர் சொசூர். 1787ஆம் ஆண்டில் மோன் பிளாங் சிகரத்தின் உச்சியை அடைந்தவர். அதை எடுத்து 1790இல் வெளிவந்த தம் நூலில் ஆராய்ந்தவர் ஜெர்மானிய மெய்யியலார் இம்மானுவேல் காண்ட். ஒழுக்க உணர்வால் உள்ளம் பண்பட்டவனுக்கு மாண்புடையதாகத் தோன்றும் மலை, பண்படாதவனுக்கு வெறும் அச்சத்தையே தரும் என்பது அவர் கருத்து. உழவன் நல்லவன், அறிவுள்ளவன் என்று அவர் ஒப்புக்கொள்கிறார். பொழுதுபோக்குக்காகவே ஒருவன் மலையின் ஆபத்துகளைத் தேடிச் சென்றால் உழவன் கூற்றில் தவறில்லாமலும் போகலாம் என்கிறார். ஆயினும், மலையின் மாண்பை உணரும் தகுதி அவ்வுழவனுக்கு வாய்க்கவில்லை என்பதே வாதத்தின் முடிவு. இதை எழுதிய காண்ட், தாம் பிறந்த பகுதியை விட்டு நெடுந்தொலைவு சென்றறியாதவர். ஆல்ப்ஸ் மலையைக் கண்ணால் கண்டவரும் அல்லர்.

மலையைக் காணாதவர் மலையின் அழகைப் பற்றி எழுதினார். மலையில் வாழ்ந்தவன் மூடத்தனம் என்று ஒரே சொல்லில் முடித்தான். இவ்விருவரில் மலையை அறிந்தவர் யார்? அழகு காண்பவனுக்கு உரியதா, வாழ்பவனுக்கு உரியதா? வாழ்பவனின் உழைப்பை அறியாமல் காண்பவன் அடையும் இன்பம் குற்றமற்றதுதானா?

இவ்வினாக்கள் ஏட்டோடு நின்றுவிடவில்லை. ஸ்பெயின் நாட்டின் வடக்கே, லியோன் மாகாணத்தின் எல்லையில் உள்ள வல்தேயோன் பள்ளத்தாக்கில் ஒவ்வொரு கோடையிலும் அவை மீண்டும் எழுகின்றன. ‘ஐரோப்பாவின் சிகரங்கள்’ எனப் பொருள்படும் பிக்கோஸ் டி யூரோப்பா மலைகள் அப்பள்ளத்தாக்கைச் சூழ்ந்து நிற்கின்றன. வெண்சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறைகளால் ஆன அம்மலைகளில் உயர்ந்தது 2,600 மீட்டரையும் கடந்து நிற்கும். கீழே பசும்புல் வெளிகள். பீச் மரக் காடுகள். ஒரு சில சிற்றூர்கள். எலி ஏறாதபடி கற்றூண்களின் தலையில் தட்டைக் கற்களைப் பொருத்தி, அவற்றின்மேல் கட்டிய மரக் களஞ்சியங்களை அவ்வூர்களில் இன்றும் காணலாம். பள்ளத்தாக்கில் தோன்றும் காரெஸ் ஆறு வடக்கு நோக்கி ஓடி, மலையைப் பிளந்துகொண்டு அஸ்தூரியாஸ் பகுதிக்குள் இறங்குகிறது.

நடப்பதில் விருப்பமுள்ளவர்களுக்கு அப்பள்ளத்தாக்கு ஒரு விருந்து. பொசாதா என்னும் ஊரிலிருந்து ஆற்றோடு இறங்கினால் காட்டு நிழலில் ஒரு சிறு கோயில் வரும். பிறகு மலைகள் இருபுறமும் நெருங்கி வர, இடுக்கின் வாயிலில் கயீன் என்னும் ஊர் வரும். மேல்நோக்கி ஏறுபவர்களுக்கு லியோர்தெஸ் என்னும் உயரமான புல்வெளி காத்திருக்கிறது. கோடையில் அங்கே புல் அடர்ந்திருக்கும். காற்று இனிதாக வீசும். அதே புல்வெளியில் 2021ஆம் ஆண்டு சனவரி 7ஆம் நாள் உறைநிலைக்குக் கீழே 35.8 பாகை செல்சியஸ் குளிர் பதிவாயிற்று. நடப்பவன் வருவது ஆகஸ்டில்; மலை இருப்பதோ பன்னிரண்டு மாதங்களும். காண்பவனுக்கும் வாழ்பவனுக்கும் இடையிலான முதல் வேறுபாடு இதுவே. ஒருவன் மலையிலிருந்து ஒரு நாளைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறான். மற்றவனுக்கு அத்தேர்வு இல்லை.

கயீன் ஊரார் சாவதில்லை, மலையிலிருந்து விழுகிறார்கள் என்று அப்பகுதியில் ஒரு வழக்கு உண்டு. நகைச்சுவைபோல் ஒலிக்கும் அவ்வழக்கினுள் தலைமுறை தலைமுறையாகச் செங்குத்துச் சரிவுகளில் ஆடுகளின் பின்னே நடந்தவர்களின் வாழ்க்கை அடங்கியிருக்கிறது. இன்று அதே ஊரிலிருந்து பொன்செபோஸ் வரை ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளும் காரெஸ் பாதையில் பல்லாயிரவர் நடக்கின்றனர். பாறையின் நெஞ்சைக் குடைந்து வெட்டிய பாதை அது. ஒருபுறம் வானளாவிய சுவர். மறுபுறம் அதலபாதாளத்தில் பச்சை நிற நீர். ‘தெய்வீக மலையிடுக்கு’ என்று அதற்கு ஒரு சிறப்புப் பெயரும் உண்டு.

ஆயினும் தெய்வம் வெட்டிய பாதை அன்று அது. கயீனில் ஆற்றை மறித்து, அந்நீரை மலையின் விலாவழியே கால்வாயில் கொண்டுசென்று, பொன்செபோசில் மின்சாரம் எடுக்க ஒரு மின் நிறுவனம் திட்டமிட்டது. கால்வாய் வேலை 1916 முதல் 1921 வரை நடந்தது. பாறையில் தொங்கிக்கொண்டு வேலை செய்த தொழிலாளர்களுள் உயிரிழந்தவர்களும் உண்டு. கால்வாயைக் காத்துப் பழுதுபார்க்க ஆட்கள் சென்றுவர வேண்டும் என்பதற்காக 1945க்கும் 1950க்கும் இடையில் இப்போதுள்ள பாதை வெட்டப்பட்டது. அழகைக் காண்பதற்காக அங்கே ஓர் அடிகூட வெட்டப்படவில்லை. இன்றும் நடப்பவனின் பக்கத்திலேயே கால்வாய் நீர் ஓசையின்றி ஓடிக்கொண்டிருக்கிறது. அவன் கண்களோ சிகரத்தின் மேல் இருக்கின்றன; காலடியில் உள்ள உழைப்பை அவை காண்பதில்லை.

சிகரம் ஏறிய வரலாறும் இதையே சொல்கிறது. ஊர்ரியெயு என்று இடையர்கள் அழைத்த பாறைக் கோபுரம் ஒன்று அம்மலைகளில் உண்டு. வெளியுலகம் அதற்கு நாரன்ஹோ என்று பெயர் வைத்தது. 2,519 மீட்டர் உயரமுள்ள அச்சிகரத்தில் 1904 ஆகஸ்டு 5ஆம் நாள் இருவர் முதன்முதலாக ஏறினர். ஒருவர் பெத்ரோ பிதால் என்னும் பிரபு. மற்றவர் கயீன் ஊரைச் சேர்ந்த இடையர் கிரெகோரியோ பெரெஸ். லண்டனில் வாங்கிய கயிறு பிரபுவினுடையது. பாறையைக் கைகளால் தடவி வழி கண்டுபிடித்த அறிவு இடையருடையது. முன்னே ஏறியவரும் அவரே. இருவரில் ஒருவர் மலையைக் காண வந்தவர், மற்றவர் மலையில் வாழ்ந்தவர். ஒருவரின்றி மற்றவர் உச்சியை அடைந்திருக்க மாட்டார். சவாய் உழவனுக்கு மலையை உணரும் தகுதி இல்லை என்ற வாதத்திற்கு இக்கயிறே மறுமொழியாக விளங்குகிறது.

பிதால் அதனோடு நிற்கவில்லை. ஸ்பெயினின் தேசியப் பூங்காச் சட்டம் 1916இல் நிறைவேற முன்னின்றவர் அவரே. 1918இல் கொவதோங்கா மலைப் பகுதி அந்நாட்டின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1995இல் அப்பூங்கா மூன்று மலைத்தொகுதிகளையும் உள்ளடக்கி விரிந்தபோது, மக்கள் குடியிருக்கும் ஊர்களும் அதன் எல்லைக்குள் வந்தன. அவ்வூரார் அனைவரும் அதனை மகிழ்ந்து வரவேற்றனர் எனக் கூற முடியாது. காண்பவன் ஒருவனின் அன்பு சட்டமாக மாறும்போது, வாழ்பவனின் மேய்ச்சலும் விறகும் வேலியும் அச்சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டியவை ஆகின்றன.

ஓநாயை எடுத்துக்கொண்டால் இம்முரண் இன்னும் கூர்மையாகத் தெரியும். வல்தேயோன் காட்டுப் பாதையில் நடப்போர் பழைய ஓநாய்ப் பொறி ஒன்றைக் காண்பர். இருபுறமும் அகன்று தொடங்கும் மரவேலிகள் சிறிது சிறிதாக நெருங்கி ஒரு குழியில் முடியும். ஊர் முழுவதும் கூடி, ஓசை எழுப்பி, ஓநாயை அதற்குள் விரட்டும். எந்த வீட்டார் எங்கே நிற்கவேண்டும் என்றெல்லாம் வகுத்த ஊர்க் கட்டளைகள் 1610ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்டுள்ளன. இன்று அது ஒரு காட்சிப் பொருள். நடப்பவனுக்கு ஓநாய் காட்டின் கம்பீரம். அதன் ஊளை கேட்டால் அவன் பேறு பெற்றவன். இடையனுக்கோ அது விடியலில் கிழிந்து கிடக்கும் ஆடு. ஸ்பெயின் முழுவதும் ஓநாய் வேட்டை 2021இல் தடைசெய்யப்பட்டதும், தூவேரோ ஆற்றின் வடபகுதிக்கு அத்தடை 2025இல் தளர்த்தப்பட்டதும் இவ்விரு பார்வைகளுக்கும் இடையே நடக்கும் வழக்கின் தீர்ப்புகளே. வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

அப்படியானால் காண்பவனின் இன்பம் பழிக்கத் தக்கதா? அவ்வாறு முடிவு செய்வதும் பிழையாகும். ஒரு பொருளை அடையவேண்டும், விற்கவேண்டும், உண்ணவேண்டும் என்ற விருப்பம் சிறிதுமின்றி அதனைக் கண்டு மகிழ்வதே தூய அழகுணர்வு என்றார் காண்ட். அக்கருத்தில் ஆழமான உண்மை உண்டு. ஆற்றை மின்சாரமாக மட்டும் கண்டவர்களும் வெளியிலிருந்தே வந்தனர்; அவர்கள் பார்வையில் பயன் இருந்தது, பற்றில்லை. பயன் ஒன்றையே நோக்கும் உலகில் மலையும் ஒரு நாள் கல்லாக உடைந்து விலையாகிவிடும். ‘இது இருக்கட்டும்’ என்று கைகட்டி நிற்கும் ஒருவன் உலகுக்குத் தேவை. நடப்பவன் அந்த ஒருவனாக இருக்கக் கூடும். தன்னலமற்ற பார்வை அவன் வலிமை. தன்னலம் இல்லாததாலேயே தனக்குப் பொறுப்பும் இல்லை என்று எண்ணுவது அவன் பிழை.

தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பது தமிழ்ப் பழமொழி. குளிர்ச்சி பொய்யன்று, தூரம்தான் குறை. மலைக்குக் குறிஞ்சி என்று பெயரிட்ட தமிழ் மரபு அந்தத் தூரத்தை ஏற்கவில்லை. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. அதனோடு தெய்வம், உணவு, விலங்கு, மரம், தொழில், பறை, யாழ் ஆகியவற்றைக் கருப்பொருள் என்று சேர்த்தது. மாந்தரின் அக வாழ்வை உரிப்பொருள் என்று வைத்தது. தொழிலையும் உணவையும் நீக்கிவிட்ட மலை அம்மரபில் திணை ஆகாது. மனிதனை அகற்றிவிட்டு மலையைத் தனியே காணும் பார்வையும், மலையை மறந்து மனிதனின் பயனை மட்டும் காணும் பார்வையும் அம்மரபின்படி அரைப் பார்வைகளே.

இது புலவர்களின் கற்பனை என்று எண்ணிவிட வேண்டா. வல்தேயோனில் நடப்பவன் கண்டு மகிழும் பசும்புல் வெளி இயற்கை தானாகத் தந்தது அன்று. ஆண்டுதோறும் ஆடுமாடுகள் மேய்ந்தும், மனிதர் புல்லறுத்தும், புதரை வெட்டியும் வந்ததனால் நிலைபெற்ற வெளி அது. இளையோர் நகரங்களுக்குச் சென்றுவிட, மந்தைகள் குறைய, வெட்டாத இடங்களில் புதர் ஏறுகிறது. 2025 ஆகஸ்டில் கடும் வெப்பத்தினூடே லியோன் மாகாணத்தில் பெருந்தீக்கள் பரவின. வல்தேயோன் பள்ளத்தாக்கையும் தீ அச்சுறுத்தியது. ஊர்களிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டனர். காரெஸ் பாதை மூடப்பட்டது. தீக்குக் காரணங்கள் பல; வெப்பமும் வறட்சியும் அவற்றுள் முதன்மையானவை. எனினும் மேய்ச்சல் நின்ற நிலத்தில் மண்டிய புதர் தீக்கு இரையாகும் என்பதை மலையில் வாழ்வோர் நெடுங்காலமாக அறிவர். வாழ்பவன் போய்விட்ட பின் காண்பவனுக்காக மலை தன் அழகைக் காத்து வைத்திருக்காது என்பது அக்கோடையில் தெளிவாயிற்று.

ஆகவே அழகு காண்பவனுக்கா, வாழ்பவனுக்கா என்ற வினா சற்றே மாறவேண்டியிருக்கிறது. காண்பவன் அழகைப் பெறுகிறான். பெறுவது கடனாகப் பெறுகிறான். பாறையில் பாதை வெட்டிய கைகளுக்கும், புல்வெளியைப் புல்வெளியாக வைத்திருந்த மந்தைகளுக்கும், முன்னே ஏறி வழிகாட்டிய இடையருக்கும் அவன் கடன்பட்டவன். கடன்பட்ட உணர்வு இன்பத்தைக் குறைக்காது. பெற்றோரின் உழைப்பை அறிந்த பின் உண்ணும் சோறு சுவை குன்றுவதில்லை. உண்பவன்தான் முன்பைவிடப் பணிவுடையவன் ஆகிறான்.

அக்கடனைத் தீர்க்கும் வழிகள் எளியவை. மேய்ச்சல் நிலத்தின் வேலிக்கதவைத் திறந்தவன் மூடிவிட்டுச் செல்லலாம். தன் நாயை மந்தைக்கு நடுவே ஓடவிடாமல் கட்டி வைக்கலாம். அவ்வூர்ப் பாலாடைக்கட்டியை அவ்வூராரிடமே வாங்கலாம். சிகரத்தின் பெயரை வரைபடத்தில் பார்த்ததோடு நில்லாமல், அங்குள்ளோர் அதனை எப்படி அழைக்கின்றனர் என்று ஒரு முதியவரைக் கேட்கலாம். ஓநாய் வாழவேண்டும் என்று விரும்புபவன், இழந்த ஆட்டின் விலையில் தனக்கும் பங்குண்டு என்பதை ஏற்கலாம். இவை சிறு செயல்கள்தாம். ஆனால் காட்சியைக் கண்டவன் அக்காட்சிக்குப் பொறுப்பேற்கத் தொடங்குவது இவற்றில்தான்.

சவாய் உழவன் மலையின் அழகை அறியாதவன் என்பதற்குச் சான்று ஏதுமில்லை. அவன் மூடர்கள் என்று கூறியது, உயிரின் விலையை அறியாமல் மலைமேல் ஏறுபவர்களை. அவ்விலையை அறிந்துகொண்டு ஏறுபவனை அவன் வேறு பெயரிட்டு அழைத்திருக்கக் கூடும். காரெஸ் பாதையில் நடப்பவன் ஒரு கணம் சிகரத்திலிருந்து கண்ணை எடுத்து, தன் பக்கத்தில் பாறையோடு ஒட்டி ஓடும் கால்வாயைக் குனிந்து பார்ப்பானாயின், மலையை முழுதாகக் காணத் தொடங்கியவன் ஆவான்.