தாய்ப்பாலும் மூலிகையும்

பிரசவத்துக்குப் பின் வரும் மனப்பதற்றம் பல சமயம் அழுகையாக வெளியே தெரிவதில்லை. குழந்தை நன்றாகத் தூங்கும், தாய் விழித்திருப்பாள். மூச்சு வருகிறதா என்று அதன் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்ப்பாள். படுத்து ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, மறுபடி எழுந்து பார்ப்பாள். பால் போதவில்லையோ, புரையேறிவிடுமோ என்ற நினைப்பு ஓயாது. நெஞ்சு படபடக்கும், சோறு இறங்காது. மூன்றாம் நாள் வாக்கில் தொடங்கும் சாதாரண மனத்தளர்ச்சி இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். அதையும் தாண்டி நீடிப்பது கவனிக்க வேண்டிய நோய். "பச்சை உடம்புக்காரி, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டார் சொல்லிவிடுவதால் அது மாதக்கணக்கில் கண்டுகொள்ளப்படாமல் போகிறது.

டாக்டர் மாத்திரை எழுதினால், "பாலில் கலந்து பிள்ளைக்குப் போய்விடாதா?" என்றுதான் தாய் முதலில் கேட்பாள். சரியான கேள்வி. நாட்டுமருந்துக் கடைப் பொட்டலத்தைக் கையில் வாங்கும்போது மட்டும் அந்தக் கேள்வி எழுவதில்லை. 1991-இல் அமெரிக்காவில் மென்னெல்லா, போஷாம்ப் என்ற இரு ஆய்வாளர்கள் பாலூட்டும் தாய்மாருக்குப் பூண்டு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாலின் மணம் மாறியது. குழந்தைகள் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் மார்பை விடாமல் இருந்தன. பூண்டினால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் பூண்டுக்குத் திறக்கும் வழி மற்ற மூலிகைக்கும் திறக்கலாம்.

பிரசவ மருந்து தமிழ் வீடுகளில் காலங்காலமாக இருப்பது. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், சித்தரத்தை, சதகுப்பை எல்லாவற்றையும் வறுத்து இடித்துச் சலித்து, கருப்பட்டிப் பாகில் போட்டு, நல்லெண்ணெயும் நெய்யும் மேலே கசியும்வரை கிளறி இறக்குவார்கள். யாழ்ப்பாணத்தில் சரக்குத்தூள் போட்ட பத்தியக்கறி உண்டு. செரிமானத்துக்கும் பால் சுரப்புக்கும் என்று செய்யப்படும் இந்தச் சரக்குகள் சமையல் அளவில் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். பதற்றத்தைத் தணிப்பதாக இவற்றை யாரும் நிறுவியதில்லை. ஆனால் அந்த மருந்து தனியாக வந்ததில்லை. அம்மாவோ அத்தையோ விடிகாலையில் நெல்லிக்காய் அளவு உருட்டிக் கொண்டுவந்து, விழுங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து, "ராத்திரி எத்தனை தடவைம்மா எழுந்தே?" என்று கேட்டாள். நாற்பது நாள் அடுப்படி வேலை கிடையாது. குழந்தையைக் குளிப்பாட்ட வேறு கை இருந்தது. பதற்றத்துக்கு மருந்தாக இருந்தது பெரும்பாலும் இதுதான். இப்போது லேகியம் பாட்டிலில் வீடு தேடி வருகிறது. கூட உட்கார ஆள் வருவதில்லை.

பதற்றத்துக்கென்றே விற்கப்படும் மூலிகைகளைப் பார்க்கும்போது கணக்கு மாறுகிறது. அமுக்கரா, அதாவது அஸ்வகந்தா, பெரியவர்களின் பதற்றத்தையும் தூக்கமின்மையையும் ஓரளவு குறைப்பதாகச் சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. தாய்ப்பாலில் அது எவ்வளவு இறங்குகிறது என்பதற்கு நம்பத்தக்க அளவீடு கிடையாது. ஈரல் பாதிப்பு சிலருக்கு நேர்ந்திருக்கிறது. டென்மார்க் 2023-இல் அமுக்கராவைத் தடை செய்தது. இன்னொரு சிக்கல் தைராய்டு. பிரசவமான சில மாதங்களுக்குள் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பெண்களுக்குத் தைராய்டு சுரப்பி அழற்சி வரக்கூடும். அதன் முதல் கட்டத்தில் ஹார்மோன் மிகுந்து படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை எல்லாம் தோன்றும். பார்ப்பதற்கு அச்சு அசல் மனப்பதற்றம்தான். அமுக்கராவும் தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடியது. இரத்தப் பரிசோதனை செய்யாமல் அந்தச் சூரணத்தைப் பாலில் கலந்து குடிப்பவள், எதற்காகக் குடிக்கிறாளோ அதையே வளர்த்துக்கொள்ள நேரலாம்.

குழந்தைக்கு நேராகவே கொடுக்கும் மூலிகையும் உண்டு. பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் பெற்ற வசம்பைச் சுட்டு உரைத்துக் குழந்தையின் நாக்கில் தடவும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அதிலுள்ள பீட்டா அசரோன் என்ற வேதிப்பொருள் காரணமாக அமெரிக்கா 1968-இலேயே வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடுத்துவிட்டது. தாய்க்கும் வேண்டாம், பிள்ளைக்கும் வேண்டாம்.

இணையத்தில் வாங்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை பாலில் மிகக் குறைவாகவே சேர்கிறது. ஆயினும் கருத்தடை மாத்திரையின் வீரியத்தைக் குறைத்துவிடும். மனச்சோர்வுக்கான மாத்திரையோடு சேர்ந்தால் ஆபத்து. காவா என்ற வேர் ஈரலைக் கெடுக்கக்கூடியது, பாலூட்டும் தாய் தொடவே கூடாது. சீமைச்சாமந்தித் தேநீர் ஒரு கோப்பை குடிப்பதில் பெரிய பயமில்லை. பஸ்பம், செந்தூரம் கலந்தவை வேறு வகை: 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14-இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தது.

நன்றாக அளந்து பார்க்கப்பட்டது மாத்திரைதான். பாலூட்டும் தாய்க்கு அடிக்கடி எழுதப்படும் செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை, உடல் எடைக் கணக்கில் தாய் எடுக்கும் அளவில் நூற்றுக்கு மூன்று பங்குக்கும் குறைவாகவே பொதுவாகக் குழந்தைக்குப் போகிறது. பத்துக்குக் கீழ் இருந்தால் ஏற்கலாம் என்பது வழக்கமான அளவுகோல். மாத்திரைக்குப் பயந்து மூலிகைக்கு மாறும் தாய், தெரிந்த அளவை விட்டுத் தெரியாத அளவுக்குப் போகிறாள்.

படபடப்போடு டாக்டரிடம் போகிறவளுக்குத் தைராய்டும் ஹீமோகுளோபினும் முதலில் பார்க்கப்பட வேண்டும். இரத்தசோகையும் நெஞ்சை அடிக்க வைக்கும். பிரசவத்துக்குப் பிந்தைய மனநிலையை அறிய 1987-இல் உருவான எடின்பரோ வினாத்தாளின் பத்துக் கேள்விகள் தமிழிலும் இருக்கின்றன; அவற்றில் மூன்று பதற்றத்தைப் பற்றியவை. வீட்டில் சாப்பிடும் பொடி, லேகியம், காப்சூல் அத்தனையையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது. இரவில் ஒரு வேளைப் பாலைப் பீய்ச்சி வைத்து, கணவரோ பாட்டியோ புகட்டினால், தாய்க்கு நான்கைந்து மணி நேரம் தொடர்ந்து தூங்கக் கிடைக்கும். பேசி வழி கேட்க டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416 எந்நேரமும் இருக்கிறது. யாரும் பேசாமலேயே குரல் காதில் விழுந்தாலும், தன்னையோ குழந்தையையோ முடித்துவிடும் எண்ணம் வந்தாலும், அந்தத் தாயைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். குழந்தையோடு சேர்த்தே தாயை அனுமதிக்கும் பிரிவு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2009 முதல் நடக்கிறது.