பாட்டியின் வடை

பழைய கதையை மாற்றிச் சொல்ல ஒருவருக்கு உரிமை உண்டா? பெரியவர்களின் இலக்கியத்தில் இது ஒரு சர்ச்சை, அவ்வளவுதான். குழந்தைகளுக்குச் சொல்லும் கதையிலோ இது தர்மத்தைப் பற்றிய கேள்வியாகிவிடுகிறது.

காக்கை நரி கதையையே எடுத்துக்கொள்வோம். ஈசாப்பின் பெயரால் வழங்கும் கதை அது. முதல் நூற்றாண்டில் பீட்ரஸ் அதை லத்தீன் செய்யுளாக்கியபோது, காக்கை ஒரு பலகணியிலிருந்து பாலாடைக் கட்டியைத் திருடியதாகச் சொன்னார். யாருடைய பலகணி என்று சொல்லவில்லை. 1668-ல் லா பொந்தேன் பிரெஞ்சு மொழியில் பாடியபோது திருட்டே மறைந்துவிட்டது. நம் ஊரிலோ கதை மரத்தடிக்கு இறங்கி வந்தது. அடுப்பு மூட்டி, எண்ணெய்ச் சட்டி வைத்து, வடை சுட்டு விற்கும் ஒரு பாட்டியை அங்கே உட்கார வைத்தது. பறிகொடுத்தவளுக்கு ஒரு முகம் கிடைத்தது.

ஆனால் வடை போன மறுகணமே நாம் பாட்டியை மறந்துவிடுகிறோம். பழைய முடிவில் நரி ஜெயிக்கிறது. இப்போது பலரும் சொல்லும் புது முடிவில், காக்கை வடையைக் காலில் இடுக்கிக்கொண்டு பாடுகிறது, நரி ஏமாறுகிறது. இரண்டிலும் பாட்டிக்குப் பங்கில்லை.

குழந்தை எழுத்தாளர் ஒருவர் இந்தக் கதையை ஒரு கிளை நூலகத்தில் நடித்துக் காட்டியதைப் பார்த்தேன். கைகளையே சிறகாக்கினார், நரியாகிக் குழைந்தார். புது முடிவு வந்ததும் பிள்ளைகள் கைகொட்டி ஆரவாரித்தார்கள். அது அடங்குமுன் ஒரு சிறுமி கேட்டாள்: "பாட்டிக்குக் காசு யாரு தருவாங்க?"

சிரித்து மழுப்பியிருக்கலாம். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அதை நான் யோசிக்கவே இல்லையே, கண்ணு. நீங்கதான் சொல்லணும்" என்றார். காக்கை திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றது ஒரு பிள்ளை. அதற்கும் பசிக்காதா என்றது இன்னொன்று. கதை முடியவே இல்லை.

வீட்டுத் திண்ணையில் கதை சொல்லும் பாட்டிக்குக் கேட்பவர்கள் தன் பேரக்குழந்தைகள். நூலகம் பொதுவிடம். வக்கீலின் மகனும், தெருவோரம் வடை சுடுபவளின் பேத்தியும் அங்கே ஒரே பாயில் உட்காரலாம். ஒருவனுக்கு வேடிக்கையாக இருக்கும் அந்த வடை, மற்றவளுக்கு அன்றைய அரிசி.

கதையை இனிப்பாக்கச் செய்யும் மாற்றத்துக்கும் யாரோ ஒருவர் விலை கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. கிரிம் சகோதரர்கள் 1812-ல் வெளியிட்ட 'ஸ்நோ ஒயிட்' கதையில் மகளைக் கொல்லத் துணிந்தவள் பெற்ற தாய். 1819 பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆனாள். தாய்மையின் பெயர் காப்பாற்றப்பட்டது. பிறர் பெற்ற பிள்ளையை அன்போடு வளர்க்கும் எத்தனையோ பெண்கள் அந்தப் பழியைச் சுமக்கிறார்கள்.

ஆகவே மாற்றலாமா என்பதல்ல கேள்வி. கதைகள் மாறித்தான் உயிரோடு இருக்கின்றன. மாற்றும்போது யாரை மறக்கிறோம் என்பதே கேள்வி. அச்சிட்ட புத்தகத்தை எழுதியவனிடம் குழந்தை இதை உடனே கேட்க முடியாது. எதிரே நின்று கதை சொல்பவனிடம் கேட்க முடியும். கைதட்டலைவிட அந்தக் கேள்விக்குக் காது கொடுப்பவனிடம் நம் பிள்ளைகளை நம்பி அனுப்பலாம்.